சீசனுக்கு ஆடப் போனவன்

உயரம் போதாது என்று கூடைப்பந்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். உயரம் கூடிவிட்டது என்பதற்காக வேலை இழந்தவர் டேவிட் சைமன். தென்கொரிய லீகில் ஒரு சீசனில் அதிகப் புள்ளி எடுத்த அமெரிக்கர் அவர். 2018இல் அந்த லீக், வெளிநாட்டு ஆட்டக்காரர் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. சைமனை நிற்க வைத்து அளந்தார்கள், 202.1 சென்டிமீட்டர் வந்தது. அத்துடன் அவருக்கு அங்கே வேலை இல்லை. சார்லஸ் ரோட்ஸ் என்பவருக்கு 199.2 வந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அந்த விதியைக் கைவிட்டார்கள்.

இதைப் படித்தபோது நான் ஆட்டத்தை விட்டுவிட்டு என் ஊரான கண்ணமங்கலத்துக்கே திரும்பி வந்திருந்தேன். வெகு நேரம் அந்த 2.1 சென்டிமீட்டரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ‘இம்போர்ட்’ என்று சொல்வார்கள். வெளிநாட்டு லீகில் ஒரு சீசனுக்கு மட்டும் சம்பளம் பேசி அழைத்து வரப்படுகிறவன். உள்ளூர் ஆட்டக்காரரிடம் இல்லாத ஒன்று இவனிடம் இருக்கிறது என்றுதான் காசு கொடுக்கிறார்கள். அது எவ்வளவு இருக்கலாம், எத்தனை நிமிடம் களத்தில் நிற்கலாம், எத்தனை பேர் வரலாம் என்பதை அந்த நாட்டு லீகே முடிவு செய்யும். பிலிப்பைன்ஸில் ஒரு அணிக்கு ஒருவர், அதிலும் போட்டிக்குப் போட்டி மாறும் உயர வரம்பு. ஜப்பானில் வெளிநாட்டவர் ஒரே நேரத்தில் களத்தில் இருவர். 2020 முதல் சில ஆசிய நாட்டவருக்குத் தனி இடம். நம் திறமை ஒரு பக்கம் இருக்க, அவர்கள் திறந்து வைக்கிற வாசலின் அளவு ஒரு பக்கம்.

நான் ஆடப் போனது மாலத்தீவுக்கு. கொரியா, ஜப்பான் அளவுக்குப் பெரிய லீக் கிடையாது. ஆனாலும் அங்கேதான் இந்தத் தொழிலைக் கற்றேன், அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கிற சேலையில் எங்கள் தெருவில் நெய்ததும் உண்டு. எங்கள் வீடும் தறி வீடுதான். பள்ளி மைதானத்தில் எல்லோரும் வாலிபால் ஆடினார்கள், நானும் ஆடினேன். பி.டி. சார் ஒருநாள் என்னை வேலூர் நேதாஜி ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போய்க் கூடைப்பந்துப் பயிற்சியாளர் முன்னால் நிறுத்தினார். பதினாறு வயதில் ஆறடியைத் தாண்டியிருந்தேன். அதன்பின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி, சென்னையில் கல்லூரி, மாநில அணித் தேர்வு முகாம் என்று எல்லா ஆட்டக்காரர்களும் போகிற வழியில்தான் நானும் போனேன். அதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மே மாதப் போட்டிகளைப் பற்றி. கோடை விடுமுறை வந்தால் தமிழ்நாட்டில் கூடைப்பந்துக்குத் திருவிழாக் காலம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி, கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்று வரிசையாக நடக்கும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., ராணுவ அணிகள், கேரள மின்வாரியம் என்று இந்தியாவின் நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை மின்விளக்கு வெளிச்சத்தில், திறந்தவெளியில் நம்மால் பார்க்க முடியும். காலரியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பெரியகுளத்து ரசிகருக்கு ஜோன் டிஃபென்ஸ் எது, மேன் டு மேன் எது என்று தெரியும். தப்பான நேரத்தில் ஷூட் செய்தால் அங்கிருந்தே திட்டு விழும்.

இவை பெரிய மேடைகள். இவற்றுக்குக் கீழே ஊர் ஊராகச் சின்னப் போட்டிகள் நடக்கும். ‘கெஸ்ட் பிளேயர்’ என்கிற வழக்கம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ஒரு கிளப்புக்கு உயரமான ஆள் இல்லை, போன் வரும். பஸ் செலவு, சாப்பாடு, முடிந்ததும் கையில் ஒரு கவர். சாயங்காலம் போய் இறங்கி, இரவு எட்டு மணிக்குப் பெயர்கூடத் தெரியாத நான்கு பேருடன் களத்தில் நிற்க வேண்டும். சிமெண்ட் தரை பகல் வெயிலைக் காலுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும்.

இப்படி ஊர் ஊராகப் போனதில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆட்டத்துக்கு முன் லே-அப் வரிசையில் நிற்கும்போதே மூன்று விஷயம் விசாரித்துவிடுவேன். பந்தை யார் எடுத்து வருவார்? அவருக்கு எந்தக் கை வாகு? நான் எதிராளியை மறித்து ஸ்கிரீன் வைத்தால் அதை ஒட்டி உள்ளே ஓடுவாரா, பின்னால் நின்று ஷூட் செய்வாரா? இந்த மூன்றும் தெரிந்தால் முதல் குவார்ட்டரிலேயே ஒரு அணிக்குள் நுழைந்துவிடலாம். என்னைப் பார்த்துக் கேட்கிற இளைஞர்களுக்கு இன்றைக்கும் இதையே சொல்கிறேன்: வெளிநாட்டில் இம்போர்ட் செய்கிற வேலை முழுவதும் இதுதான். தோழர்களோடு பழகி, வருஷக்கணக்கில் சேர்ந்து ஆடி வருகிற புரிதல் அவனுக்குக் கிடைக்காது. அதைச் சில நாளில் கட்டியெழுப்பத் தெரிந்தவனே நிலைப்பான்.

அப்படியானால் நம்மவர்கள் ஏன் இவ்வளவு குறைவாக வெளியே போகிறார்கள்? உயரம் இல்லை, உடல் இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காரணம் வேலை. இந்தியாவில் கூடைப்பந்துக்கு நிலையான தொழில்முறை லீக் கிடையாது. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. சில ஆண்டுகளில் நின்றுபோனது, 2022இல் ஐ.என்.பி.எல். வந்தது. எனவே நம் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் என்றால் துறை வேலை. ரயில்வே, வங்கி, ஓ.என்.ஜி.சி., போலீஸ். அறுபது வயது வரை சோறு போடுகிற அந்த நாற்காலியை விட்டு இரண்டு மாத ஒப்பந்தத்துக்கு யார் போவார்கள்? போக வேண்டுமானால் துறை தடையின்மைச் சான்று தர வேண்டும், சம்பளமில்லா விடுப்பு தர வேண்டும், சங்கம் விட வேண்டும். இந்திய இம்போர்ட்டின் முதல் ஆட்டம் ஒரு மேசையின் முன்னால் நடக்கிறது. அதில் தோற்றுத்தான் நிறையப் பேரின் பெயர் வெளியே தெரியாமல் போயிற்று.

அதில் ஜெயித்தவர்களை எண்ணிவிடலாம். கேரளத்தில் பிறந்து, சென்னையில் தென்னக ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் 2006இலேயே ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்குப் போய் மூன்று சீசன் ஆடினார். 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன. ஆண்களில் அம்ஜ்யோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸுக்கு ஆடினார்கள். இருவருமே ஓ.என்.ஜி.சி. அணிக்கு ஆடியவர்கள். அம்ரித்பால் 2017இல் சிட்னி கிங்ஸ் அணிக்கும் போனார். பஞ்சாபின் விவசாயக் குடும்பத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர், பள்ளி வயது தாண்டிய பிறகே கூடைப்பந்தைத் தொட்டவர். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஊர்களில் வாலிபால் வலைக்குக் கீழே நிற்கிற நெட்டைப் பையன்கள் என் கண்ணில் வருவார்கள்.

நான் அப்போது ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் தற்காலிக வேலையில், அதன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். மாலத்தீவின் தலைநகர் மாலேயிலிருந்து அழைப்பு வந்தது ஒரு சீனியர் அண்ணன் வழியாக. அவர் ஏற்கெனவே அங்கே ஆடியவர். “உள்ளே நின்னு ரீபவுண்ட் எடுக்க ஆள் கேக்கறாங்கடா. போறியா?” என்றார். எங்கள் அதிகாரி கோப்பைப் படித்துவிட்டு, “ஆடிட்டு வாப்பா, நாற்காலி எங்கயும் போவாது” என்று கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் பந்தைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் என் ஆட்டவாழ்வில் எந்தக் கோச்சுக்கும் குறையாத இடம் அவருக்கு உண்டு.

அடுத்தது காகிதம். ஒரு நாட்டுச் சங்கத்தின் கீழ் ஆடியவன் இன்னொரு நாட்டில் ஆட வேண்டுமென்றால், பழைய சங்கம் ‘லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்’ தர வேண்டும். இது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி. அந்தக் கடிதத்தில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழனுக்குச் சிக்கல் இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, டிக்கெட்டில் அது முன்னும் பின்னுமாக. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றி முடிக்கும்போது பாஸ்போர்ட்டின்படி என் ‘சர்நேம்’ அப்பாவின் பெயராகிவிட்டது. ஜெர்சியின் முதுகிலும் அதையே அச்சடித்தார்கள். மைக்கில் அறிவிப்பவரும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். தறியைவிட்டு ஆரணிக்கு அப்பால் அதிகம் போகாத மனிதரின் பெயரை மாலே நகரத்துப் பையன்கள் கூவினார்கள். அந்த ஜெர்சி வீட்டில் இருக்கிறது.

ஒப்பந்தத்தைப் பற்றி அப்பாதான் முதலில் கேட்டார். “முன்பணம் வாங்கினியா?” இல்லை என்றேன். “வாங்காதே. டிக்கெட்டுக்கு மேல ஒரு பைசா முன்பணம் வாங்காதே” என்றார். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி அந்தக் கடன் தீரும்வரை வேறு முதலாளிக்குப் பாவு போட முடியாது என்பதை வாழ்க்கை முழுதும் பார்த்தவர். அவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டேன். மீதிப் பாதியை என் அனுபவம் ஏற்கவில்லை. சீசனுக்கு ஆடுகிறவனுக்குக் கடைசி ஆட்டத்துக்கு முன் கைக்கு வராத பணம் சந்தேகமான பணம். பின்னொரு சீசனில் ஒரு கிளப் கடைசி மாதச் சம்பளத்தை இழுத்தடித்தது; பல மாதம் கழித்துத் துண்டு துண்டாகத்தான் வந்தது. கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடுவே வழக்குத் தீர்க்க ஃபிபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை உருவாக்கியது. அதை இப்போது பி.ஏ.டி. என்கிறார்கள், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், கட்டணமோ யூரோவில். எங்கள் அளவு ஒப்பந்தக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் மாதம் பிறந்தால் சம்பளம், போக வர டிக்கெட், அடிபட்டால் வைத்தியச் செலவு, இடையில் நிறுத்தினால் எத்தனை நாள் சம்பளம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அதன்பின் ஒவ்வொரு சீசனுக்கும் கிளம்பினேன்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சம். அப்போது விமான நிலையத் தீவிலிருந்து மாலேக்குப் பாலம் கிடையாது. தோணிப் படகில்தான் போக வேண்டும். பாலம் 2018இல் வந்தது. மாலே ஒரு சின்னத் தீவு, நடந்தே சுற்றிவிடலாம். அவ்வளவு இடத்துக்குள் அடுக்குமாடிகளும் மோட்டார் சைக்கிள்களுமாக அப்படியொரு நெருக்கம். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கல்லும் மணலும் காய்கறியும் வரும். பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆசிரியர், கேரள ஆசிரியர் நிறையப் பேர். ரசம் வேண்டுமென்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

மாலத்தீவு ஆட்டக்காரர்கள் உயரம் குறைவு, வேகம் மிக அதிகம். பந்து கைக்கு வந்தால் ஓட்டம்தான். தூரத்திலிருந்து நன்றாக ஷூட் செய்வார்கள். அந்த ஊருக்கு ஆறடி மூன்று அங்குலம் பெரிய உயரம். நம் தேசிய அணியில் என் உயரத்துக்குக் கூடையருகே போஸ்ட் ஆடச் சொல்லியிருக்கவே மாட்டார்கள்; அங்கே நான்தான் போஸ்ட். காலமும் எனக்கு உதவியது. 2010இல் ஃபிபா கூடைக்குக் கீழே இருந்த சரிவகக் கட்டத்தைச் செவ்வகமாக்கியது. மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளியது. ஷூட்டர்களைப் பிடிக்கத் தடுப்பாட்டக்காரர்கள் வெளியே வர வேண்டியிருந்தது. உள்ளே எங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

முதல் பயிற்சியில் கோச் சொன்னது ரீபவுண்ட் வேண்டும் என்று மட்டும்தான். ரீபவுண்ட் குதிப்பவனுக்குக் கிடைக்கும் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். குதிப்பதற்கு முன்பே அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஷூட் கையைவிட்டுக் கிளம்பியதும் பந்தைப் பார்க்காமல் ஆளைத் தேடி, இடுப்பால் அவனைப் பின்னுக்குத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். வலது மூலையிலிருந்து தவறுகிற பந்து பெரும்பாலும் இடது பக்கம்தான் வந்து விழும். தூரத்து ஷூட் தூரமாகத் துள்ளும். ஒவ்வொரு ஷூட்டருக்கும் தவறுகிற விதம் ஒன்று உண்டு. ஒருவன் எப்போதும் குறைவாகப் போடுவான், இன்னொருவன் நீட்டிப் போடுவான். பயிற்சியில் என் கண் முழுதும் அவர்கள் தவறவிடுகிற பந்தின் மேல்தான் இருக்கும். உள்ளே போனவை எனக்குத் தேவையில்லை.

எங்கள் அணியில் பந்தை எடுத்து வருகிறவன் இருபது வயதுப் பையன். இடது கைக்காரன். ஸ்கிரீனை ஒட்டி உள்ளே பாய்வான், ஆனால் என் தோளுக்கும் அவன் தோளுக்கும் நடுவே ஓரடி இடைவெளி விட்டுவிடுவான். அந்த இடைவெளியில் எதிராளி புகுந்துவிடுவான். பயிற்சி முடிந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் நின்று, அவன் தோள் என் இடுப்பை உரசிக்கொண்டு போகிற வரை மறுபடி மறுபடி செய்தோம். அவர்கள் மொழியான திவெஹியில் இடது, வலது, பின்னால் ஆள், விடாதே என்று சொல்ல அவன்தான் கற்றுக்கொடுத்தான். உள்ளே நிற்பவன்தான் ஐந்து பேருக்கும் கண். அவன் வாய் திறக்காவிட்டால் தடுப்பாட்டம் நடக்காது. அதை அவர்கள் மொழியில் திறந்தாக வேண்டும். நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகைக்குப் பிறகு பயிற்சி வைத்தார்கள். நானும் பகலில் அவர்களுக்கு எதிரே சாப்பிடுவதில்லை. யாரும் கேட்டுக்கொண்டதில்லை, ஒரே அறையில் உடை மாற்றுகிறவர்களுக்குள் அது தானாக வந்தது.

சீசன் நடுவில் அந்தப் பையனின் புள்ளிகள் ஏறின, என்னுடையவை இறங்கின. கிளப் நிர்வாகி ஒருவர் ஸ்கோர் ஷீட்டைக் காட்டி, காசு கொடுத்து அழைத்த ஆள் ஏன் குறைவாகப் போடுகிறான் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இம்போர்ட்டை எல்லோரும் புள்ளியால்தான் அளக்கிறார்கள். கோச் எனக்காகப் பேசினார்: நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோமே என்றார். தோற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. இன்னொரு அணியில் இருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் நன்றாகவே ஆடினார். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அவர் சட்டை எண்ணில் வேறொருவர் நின்றார். எங்களிடம் விடைபெறக்கூட அவருக்கு நேரம் தரவில்லை. இத்தொழிலில் நான் மிகவும் வெறுத்தது இதைத்தான். நம் இடத்துக்கு வருகிறவன் நாம் ஆடிக்கொண்டிருக்கும்போதே விமானத்தில் இருப்பான்.

ஆனால் அப்படி மாற்றாளாக வந்தவர்களிலும் மகத்தானவர் உண்டு. ஜஸ்டின் பிரவுன்லீ 2016இல் பிலிப்பைன்ஸின் ஜினெப்ரா அணிக்குப் போனது, கட்டைவிரலில் அடிபட்ட வேறொரு அமெரிக்கருக்குப் பதிலாக. அந்தப் போட்டியின் கடைசி விநாடியில் அவர் போட்ட மூன்று புள்ளி, ஜினெப்ராவுக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைக் கொடுத்தது. அவர்கள் அவரை மறுபடி மறுபடி அழைத்தார்கள். 2023இல் பிலிப்பைன்ஸ் அவருக்குக் குடியுரிமையே கொடுத்தது. அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அந்த நாட்டுக்காக ஆடி, 1962க்குப் பிறகு கூடைப்பந்தில் முதல் தங்கத்தை வாங்கித் தந்தார். அவர் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எந்தத் தோழனுக்குப் பந்து எங்கே பிடிக்கும் என்று தெரிந்து, அங்கேயே கொடுக்கிறார். மறுபடி அழைக்கப்படுவதைவிடப் பெரிய விருது இந்தத் தொழிலில் இல்லை. எனக்கும் அடுத்த சீசனுக்கு மாலேயிலிருந்து போன் வந்தது. பேசியது அந்த இடது கைப் பையன்.

முழங்கால் ஒத்துழைக்கிற வரை போய் வந்தேன். சிமெண்ட் தரையில் ஆடி வளர்ந்த கால் முப்பது வயதைத் தாண்டினால் கணக்குக் கேட்கும். மாலேயில் மரத்தரையில் ஆடியபோதுதான் வலியில்லாத தரை எப்படி இருக்கும் என்றே தெரிந்தது. நம் மாவட்டங்களில் பிள்ளைகள் ஆடுகிற தரையை மாற்றாமல் உயரத்தைப் பற்றியும் ஊட்டச்சத்தைப் பற்றியும் பேசுவதில் பயனில்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இப்போது சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். பையன்களைவிடப் பெண்பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். தினமும் அணியைக் கலைத்து மாற்றிவிடுவேன். நேற்று சேர்ந்து ஆடியவர்கள் இன்று சேர்ந்து ஆடக் கூடாது. முதலில் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது. அதில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பிலேயே ஐந்தடி பத்து அங்குலம். இவ்வளவு உயரமாகப் போனால் நாளைக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று அவள் அம்மாவுக்குக் கவலை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் போனில் காட்டினேன். 208 சென்டிமீட்டர் உயரம், நெட்பால் ஆட்டக்காரர், 2018இல் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் இருந்தவர், ஆஸ்திரேலியக் கிளப்புகள் விரும்பி அழைத்த தமிழ்ப் பெண். அந்த அம்மா போனை வாங்கி வெகு நேரம் பார்த்தார். “இந்தப் பொண்ணு அங்க போயி என்னா சாப்பிட்டுச்சோ” என்றார்.

வருகிற மே மாதம் ஒரு ஊர்ப் போட்டிக்கு அந்தப் பெண்ணைக் கெஸ்ட்டாகக் கேட்டிருக்கிறார்கள். பஸ் செலவு உண்டு, சாப்பாடு உண்டு, துணைக்கு வருகிறவருக்கும் தங்க இடம் உண்டு. அவள் அம்மாவும் கூடப் போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் அவளுக்கு இடது கை லே-அப் வர வேண்டும். காலையிலும் வரச் சொல்லியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.